உழவு மாட்டின் உடலில் கொலாஜன்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலைக் கண்டவர்கள், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பத்தை மறக்கமாட்டார்கள். சிற்பி விளையாட்டாகக் காட்டிய அவ்வொற்றுமை உடற்கூற்றில் மெய்யேயாகும். காளையின் தோலுக்கும் எலும்புக்கும் வலிவூட்டும் பொருளே யானையின் உடலையும் தாங்கி நிற்கின்றது. கொலாஜன் எனப்படும் அப்பொருள், பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும்.

பெயர் புதிதாயினும் பொருள் குடியானவர்களுக்குப் புதிதன்று. தோற்கழிவுகளை நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைத் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தி வந்தனர். கொதிநீரில் நிலைகுலைந்த கொலாஜனே அவ்வச்சிரம். கிரேக்க மொழியில் ‘பசையைப் பிறப்பிப்பது’ என்று பொருள்பட இதற்குப் பெயர் வந்ததும் அதனாலேயே. அதே தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தாலோ, பட்டையின் துவர்ப்புச் சத்து இழைகளைப் பிணைத்து, எளிதில் அழுகாத பதந்தோலாக்கி விடுகின்றது.

இதன் அமைப்பைக் கண்டு சொன்ன பெருமை தமிழ்நாட்டிற்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் சேர்ந்ததே கொலாஜன் என்று 1954-இல் வெளியிட்டனர். அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருத்தலை மறு ஆண்டில் விளக்கினர். முப்புரிக் கயிறு திரிக்கத் தெரிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உழவர் ‘நரம்பு’ என்று வழங்கும் தசைநாண் பெரும்பாலும் இக்கயிறுகளின் கட்டே. எலும்பிலோ, இக்கயிறுகளுக்கிடையே சுண்ணச்சத்துப் படிந்துள்ளது. கோழியெலும்பொன்றைக் காடியில் சில நாள் ஊறவிட்டால் சுண்ணம் கரைந்து, எஞ்சிய கொலாஜன் வளைந்து கொடுக்கும். சுட்டெடுத்தால் கொலாஜன் எரிந்துபோய், எலும்பு எளிதில் நொறுங்கும்.

மாடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டுவது நுகத்தடிப் புண்ணில் கொலாஜன் செய்யும் வேலையை. உழவு இயந்திரங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும், வண்டி மாட்டின் கழுத்து நுகத்தடிக்கு உரியதாகவே இருக்கின்றது. புண்ணின் மேல் தோல் மூடி, பொருக்கு உதிர்ந்தவுடனே ஆறிவிட்டதெனக் கருதி மாட்டைப் பூட்டிவிடுகின்றனர். உள்ளே அப்போதுதான் மெல்லிய இழைகள் ஒழுங்கின்றிப் பின்னப்பட்டிருக்கும். அவை நீக்கப்பட்டு, தடித்த இழைகள் இழுவிசைக்கேற்ப அமைவதற்கு மாதக்கணக்காகும். வெட்டுக்காயங்களை வைத்து ஆராய்ந்ததில், மூன்றாம் வாரத்தில் பழைய வலிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே திரும்பியிருந்தது. மூன்று மாதம் சென்ற பின்னும் 80 சதவீதத்திற்கு மேல் ஏறுவது அரிது. ஆகையால் ஒரு முறை புண்பட்ட கழுத்து மறுபடியும் அவ்விடத்திலேயே விட்டுப்போவதில் வியப்பில்லை. நாலு நாள் வண்டிச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, ஓர் அறுப்புக் காலம் முழுவதும் மாட்டைக் கொட்டிலில் கட்டிவைக்க நேரிடும். ஆறிய மாட்டை முதலில் வெறும் வண்டியில் பழக்கி, பாரத்தைச் சிறிது சிறிதாகவே ஏற்றவேண்டும். நுகத்தடி வழவழப்பாக இருத்தல் அவசியம். இணை மாடுகள் உயரத்தில் ஒவ்வாவிடின், பாரம் ஒரு கழுத்திலேயே சாயும்.

தீவனத்தைப் பற்றியும் ஒரு சொல். கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். மனிதன் அதனை உணவிலிருந்தே பெறவேண்டும். மாடு தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்ளுமாதலால், அதற்காகப் பணம் செலவிடத் தேவையில்லை. இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வேலைக்குச் சிறிதளவு செம்பு இன்றியமையாதது. வைக்கோலை மட்டுமே தின்னும் மாட்டிற்கு அது போதாமற் போகலாம். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவையைத் தவிட்டில் கலந்து இடுதல் நலம். மயில்துத்தத்தைத் தாமாகவே கரைத்துப் புகட்டலாகாது. மாட்டிற்கென்று செய்த கலவையைச் செம்மறியாட்டிற்கு இடவும் கூடாது. செம்பு சற்று மிகுந்தாலும் அவ்வாடு நஞ்சேறி மாண்டுபோகும்.