ரந்தாவ் அபாங்: சைக்கிளில் ஒரு பகல், கூடாரத்தில் ஓர் இரவு

கிழக்குக்கரையில் சைக்கிள் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். தெற்கு நோக்கி வரும்போது கடலும் இடப்பக்கத்திலேயே இருக்கும். சவுக்கு மரங்களுக்கு நடுவே நீலம் தெரிகிற இடத்தில் சாலையைக் கடக்காமலே ஓரங்கட்டி இறங்கிவிடலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

முதல் முயற்சிக்கு ஏற்ற பகுதி, கோலத் திரங்கானுவிலிருந்து மாராங், மெர்ச்சாங் வழியாக ரந்தாவ் அபாங் வரை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை, சின்னச் சின்ன ஏற்றங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் நான்கு மணி நேரச் சவாரிதான். ஆனால் நின்று நின்று போகாவிட்டால் இந்தச் சாலைக்கு வந்ததில் பயனில்லை. ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.

ஓட்டப்போவது பழைய கூட்டரசுச் சாலை 3-இல். 2015-இல் கிழக்குக்கரை நெடுஞ்சாலையின் இரண்டாம் கட்டம் முழுதாகத் திறந்த பிறகு, தூரம் போகிற வாகனங்கள் பல அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. இன்னும் தெற்கே, பெட்ரோலியத் தொழிற்சாலைகள் இருக்கும் கெர்த்தே, கெமாமான் பக்கம் கனரக லாரிகள் அதிகம். அதனால்தான் அந்தப் பகுதியை முதல் பயணத்துக்குச் சொல்லவில்லை.

கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள், சைக்கிளைப் பேருந்தின் கீழறையில் ஏற்ற விடுவார்களா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, சங்கிலியைத் துணியால் சுற்றிவைத்தால் மற்றவர் பெட்டியில் எண்ணெய்க்கறை படாது. திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். கடற்கரை காலியாக இருக்கும். சனி, ஞாயிறு மட்டுமே விடுமுறை கிடைக்கும் நமக்கு இது வசதிதான்.

விடிவதற்குள் கிளம்புங்கள். நகர எல்லையிலேயே, கோல ஈபாய் கழிமுகத்தில், தண்ணீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும் வெள்ளைப் பள்ளிவாசல் வந்துவிடும். 1995-இல் திறக்கப்பட்டது. அதன் நிழல் நீரில் விழுவதைப் பார்க்கச் சரியான நேரம் காலைதான். பசியாறலுக்கு நாசி டாகாங். அரிசியோடு கொஞ்சம் புளுட் அரிசியும் கலந்து, தேங்காய்ப்பால் விட்டு ஆவியில் வேகவைத்து, தொங்கோல் மீன் குழம்போடு தருவார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் நம் வீட்டு வாசனை அடிக்கும்: சோற்றிலேயே வெந்தயம் போட்டிருப்பார்கள். ஒரு பொட்டலம் தின்றால் மாராங் வரை கால் சோராது.

மாராங்கில் ஆற்றின் முகத்துவாரம், மீன்பிடிப் படகுகள், எதிரே கடலில் காப்பாஸ் தீவு. காப்பாஸ் என்றால் பஞ்சு. மணல் அவ்வளவு வெள்ளை. படகுத்துறையில் நின்றால் தீவுக்குப் போய்விடலாமா என்று மனம் சபலப்படும். போனால் அன்றைய சவாரி அத்தோடு முடிந்தது.

மாராங்கைத் தாண்டியதும்தான் இந்தச் சாலையின் சுகம். கம்போங் வீடுகள், வேலிக்குள் அடங்காத மாடுகள், ஒட்டுக்கடையில் கொதிக்கும் எண்ணெயில் கெரோபோக் லேகோர். ஊர்ப் பெயர்களில் வரும் 'ரு' என்பது சவுக்கு மரம்; ரு மூடா போன்ற பெயர்களைப் பலகையில் பார்க்கும்போது மரமும் பக்கத்திலேயே நிற்கும். மெர்ச்சாங் பக்கம் மணல் நிலத்தில் விளைந்த தர்பூசணியைச் சாலையோரத்தில் அடுக்கியிருப்பார்கள். முழுப்பழம் வாங்கிச் சைக்கிளில் கட்ட முயலாதீர்கள். வெட்டித் தரச் சொல்லி அங்கேயே தின்னுங்கள். மாடுகள் மட்டும் நிஜமான ஆபத்து. குறுக்கே வருமா, நிற்குமா என்பது அவற்றுக்கே தெரியாது.

காலை 11-லிருந்து 3 மணிவரை ஓட்டாதீர்கள். தலைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, உப்பு கலந்த பானம். இவ்வளவு போதும். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பின்னால் இரண்டு பக்கப்பை மாட்ட இடமிருந்தால் சரி. பிற்பகலில் கடற்காற்று பக்கவாட்டில் வந்து மோதும். அப்போது பையின் எடை இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும்.

நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவமழை. வெள்ளம், கொந்தளிக்கும் கடல். ஆக, வசதியான காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும் அதேதான். ரந்தாவ் அபாங்கில் கூடாரம் போடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இந்தக் கரை ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. கடலாமைகளிலேயே மிகப் பெரியது இங்கே வந்து முட்டையிட்டது. முதுகில் நீளவாட்டில் வரிவரியாக மேடு இருப்பதால் மலாய்க்காரர்கள் அதை பெலிம்பிங் பழத்தோடு ஒப்பிட்டு 'பென்யு பெலிம்பிங்' என்றார்கள். தமிழ் மீனவர்கள் அந்த மேடுகளை எண்ணிப் பார்த்து 'ஏழுவரி ஆமை' என்றார்கள். 1950-களில் திரங்கானுக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முட்டைக்குழிகள் இருந்தன. இன்று ஒன்று கரையேறினாலே அது செய்தி. பல பத்தாண்டுகள் முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்றார்கள். கடலில் மீன்வலைகளில் சிக்கி ஆமைகள் செத்தன. சுற்றுலா சூடுபிடித்த காலத்தில் ஆமையைச் சுற்றிக் கூட்டமாக நின்று கைவிளக்கு அடித்தார்கள், முதுகில்கூட ஏறினார்கள். ஆமை முட்டை விற்பனைக்கு முழுத் தடை 2022-இல்தான் திரங்கானுவில் நடப்புக்கு வந்தது. ஏழுவரி ஆமையைப் பொறுத்தவரை மிகவும் தாமதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பச்சை ஆமைகள் இன்னும் வருகின்றன.

எனவே காப்பகப் பகுதிக்குள்ளும், ஆமை ஏறுகிற திறந்த மணலிலும் கூடாரம் வேண்டாம். சாலைப் பக்கமாக இருக்கும் தங்குவிடுதிக்காரர்களிடம் கேட்டால், சிறு கட்டணத்துக்குத் தோட்டத்தில் கூடாரம் போட விடுபவர்கள் உண்டு. கழிவறையும் குழாய்த் தண்ணீரும் கிடைக்கும். "பாக்சிக், போலே?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். தென்னை மரத்தடியில் மட்டும் படுக்காதீர்கள். தேங்காய் நேரம் பார்த்து விழாது. மணலில் சாதாரண முளைகள் நிற்காது. பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் காற்றுக்கு அசையாது. அந்தி நேரத்தில் 'அகாஸ்' என்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும். நீளக்கை சட்டையும் பூச்சித் தைலமும் எடுத்துவையுங்கள். சமையலை இருட்டுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

பிறகு விளக்கை அணையுங்கள். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடும். நம் கூடாரத்து விளக்கும், விறகுத் தீயும், கைப்பேசித் திரையும் அவற்றைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். தாய் ஆமையோ வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். அவசரத்துக்குக் கைவிளக்கு வேண்டுமென்றால் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் இதைப் பகலிலேயே சொல்லிவைக்க வேண்டும். இரவில் சொன்னால் அழுவார்கள். இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வளர்ந்த பிள்ளைகள் அத்தனை நட்சத்திரங்களை ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆமை வந்தால் அசையாமல் இருங்கள். முன்னால் போகாதீர்கள், மின்னல் விளக்குப் படம் வேண்டாம், தொடவும் வேண்டாம். வராவிட்டால் ஏமாற்றம்தான், பெரும்பாலான இரவுகளில் வராது.

காலையில் கூடாரத்தை மடித்தபின் அலையோரம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நீரிலிருந்து மேலேறி மறுபடி நீருக்குள் இறங்கும் அகலமான தடம் தெரிந்தால் அதை மிதிக்காமல், தோண்டிப் பார்க்காமல், அங்குள்ள ஆமைக் காப்பக ஊழியர்களிடம் இடத்தைக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். டுங்குனுக்கு இன்னும் 20 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.