தயிர் பல்லைக் காக்குமா? "நல்ல கிருமி" பற்றித் தெரிந்துகொள்வோம்



பொத்தேரி பக்கத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் தவணையை எழுதி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்து போடுகிற நேரம். வெளியூர் அம்மா ஒருவர் பை நிறைய டப்பாக்களோடு வந்தார்.

"இது புரோபயாடிக் மாத்திரை. வாயில போட்டு சப்பினா போதும். நல்ல கிருமி உள்ள போய் கெட்ட கிருமியை அழிச்சிடும். சொத்தைப் பல்லு தானா சரியாயிடும். பல் டாக்டர்கிட்ட போகவே வேணாம். நீங்க மொத்தமா எடுத்து வித்தீங்கன்னா கமிஷனும் உண்டு" என்றார்.

குழுவில் ஒரு அக்காவுக்கு மூன்று வாரமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் கூலி போயிடும். உள்கடன் எடுத்து இதையே வாங்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். தலைவி அவசரப்படவில்லை. "விசாரிச்சுட்டு முடிவு பண்ணலாம்" என்று தீர்மானம் எழுதிவிட்டார்.

இந்தக் கேள்வி நாளைக்கு நம் குழுவுக்கும் வரலாம். அதனால் விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொள்வோம்.

வாய்க்குள் இருக்கும் ஊர்

நம் வாய்க்குள் 700க்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் வாழ முடியும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். ஊரில் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு இல்லையா? அதுபோலத்தான். பெரும்பாலானவை நமக்குத் தொந்தரவு செய்யாதவை. சில கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் சிக்கல்.

அவற்றில் முக்கியமான ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். இதற்குச் சர்க்கரை என்றால் உயிர். நாம் டீ, பிஸ்கட், மிட்டாய் சாப்பிட்ட சில நிமிடங்களில் இது சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் பல்லின் மேல் இருக்கும் கெட்டியான பகுதியைக் கரைக்கும். எச்சில் ஊறி அதைச் சரிசெய்ய அரை மணி, முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அடுத்த டீ, அடுத்த பிஸ்கட் என்று போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. கரைந்து கரைந்து குழி விழுகிறது. இதைத்தான் நாம் "பல்லில் பூச்சி" என்கிறோம். உண்மையில் அங்கே பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை.

தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும். அதனால்தான் சர்க்கரை போட்ட பாலை புட்டியில் குடித்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பல் எல்லாம் சீக்கிரமே சொத்தையாகிறது.

நல்ல கிருமி என்றால் என்ன?

உறை ஊற்றுவது நமக்குப் புதிதல்ல. பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு ஸ்பூன் பழைய தயிரை விடுகிறோம். விடிந்தால் முழுப் பாலும் தயிர். அந்த ஒரு ஸ்பூனில் இருந்த உயிருள்ள கிருமிகள்தான் ராத்திரி முழுக்கப் பெருகி அந்த வேலையைச் செய்தன. பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உறை ஊற்றினால் தயிர் ஆவதில்லை. ஏன்? சூட்டில் கிருமி செத்துவிடுகிறது.

புளித்த பால் உடம்புக்கு நல்லது என்று விஞ்ஞானிகள் பேசத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1908ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி நிறையச் சொன்னார். 2001ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. தேவையான அளவில் உட்கொண்டால் உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாடிக். உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், நன்மை செய்வது நிரூபணம் ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்கு உதவுமா?

கொஞ்சம் உதவலாம் என்பதுதான் நேர்மையான பதில்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், நம் அங்கன்வாடி மாதிரியான பகல் பராமரிப்பு மையங்களில் 1 முதல் 6 வயது வரையுள்ள 594 குழந்தைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிக் குழந்தைகளுக்குச் சாதாரணப் பால். இன்னொரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமியில் ஒரு வகை சேர்த்த பால். 7 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2001ல் முடிவு வெளியானது. நல்ல கிருமிப் பால் குடித்த குழந்தைகளுக்குச் சொத்தை ஓரளவு குறைவாக இருந்தது, அதிலும் 3, 4 வயதுக் குழந்தைகளிடம் நன்றாகத் தெரிந்தது. நம் நாட்டிலும் தயிர், ஐஸ்கிரீம் கொடுத்துச் சில ஆராய்ச்சிகள் நடந்தன. எச்சிலில் மியூட்டன்ஸ் கிருமி குறைவது தெரிந்தது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

ஒன்று, இவை பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள் நடந்த ஆராய்ச்சிகள். நல்ல கிருமி வாயில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. நிறுத்தினால் கொஞ்ச நாளில் போய்விடும். விருந்தாளி மாதிரி!

இரண்டு, எல்லா லாக்டோபேசில்லஸும் பல்லுக்கு நண்பன் இல்லை. ஏற்கனவே விழுந்த சொத்தைக் குழிக்குள் இதே குடும்பத்துக் கிருமிகள் குடியேறி அமிலத்தை ஊற்றிச் சொத்தையைப் பெரிதாக்குவதும் உண்டு. எந்த வகை என்பது முக்கியம்.

மூன்று, ஈறு நோய்க்கு. ஐரோப்பிய ஈறு நோய் வல்லுநர் கூட்டமைப்பு 2020ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்யும் சிகிச்சையோடு சேர்த்துப் புரோபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே அதில் சொல்லியிருக்கிறார்கள். போதுமான பலன் தெரியவில்லை என்பதே காரணம்.

நான்கு, இதுதான் ரொம்ப முக்கியம். விழுந்த குழியை எந்த மாத்திரையும், எந்தத் தயிரும் மூடாது. பல் என்பது தோல் மாதிரி இல்லை. ஓட்டை விழுந்தால் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளாது. பல் மருத்துவர் அடைத்தால்தான் உண்டு.

நம் வீட்டுத் தயிர் எப்படி?

வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி, எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் அதை மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல உணவு. தயிர் புளிப்பாக இருந்தாலும் அதில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய இருப்பதால் பல்லை அரிப்பதில்லை. இரண்டு வேளை டீக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக உப்பு போட்ட மோர் குடித்தால் சர்க்கரை குறைகிறது. பல்லுக்கு அதுவே பெரிய லாபம்.

மோர்க்குழம்பு கொதித்துவிட்டால் அதில் உயிருள்ள கிருமி இருக்காது. சத்து இருக்கும், அவ்வளவுதான். கடையில் விற்கும் சின்னப் பாட்டில் தித்திப்பு பானங்களை வாங்கினால் லேபிளைப் படியுங்கள். நல்ல கிருமியோடு சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். பல்லுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கின கதைதான்.

பழைய சோறு பற்றியும் கேட்கிறீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்தது குடல் நோய்க்காக. பல்லுக்காக அல்ல. காலையில் பழைய சோறு சாப்பிடுங்கள், ஆனால் பல் துலக்குவதை விட்டுவிடாதீர்கள்!

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

* இதில் உள்ள கிருமியின் முழுப் பெயர் டப்பாவில் இருக்கிறதா? எத்தனை கோடி என்று போட்டிருக்கிறதா?
* தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா?
* குளிரில் வைக்க வேண்டியதா? அப்படியானால் வெயிலில் பையில் தூக்கி வந்தது எப்படி உயிரோடு இருக்கும்?
* "சொத்தை தானாக மூடிவிடும்", "டாக்டர் வேண்டாம்" என்கிறாரா? அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரை, பவுடர் எதையும் கொடுக்கவே கூடாது.

அப்போ என்னதான் செய்வது?

1. புளோரைடு உள்ள பேஸ்டால் தினம் இரண்டு வேளை துலக்குங்கள். ராத்திரி துலக்குவதுதான் அதிகம் காப்பாற்றும். 3 வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. குழந்தை விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுங்கள்.

2. சாம்பல், செங்கல் தூள், உப்புத்தூள் வைத்துத் தேய்த்தால் பல் தேய்ந்து கூச்சம் வரும். வேண்டாம்.

3. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்துவிடுங்கள். நாள் முழுக்கக் கொறிக்க வேண்டாம்.

4. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. புகையிலை இல்லாமல் வெறும் பாக்குகூட வாய்ப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

5. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். அந்தச் சமயத்தில் பல் மருத்துவரைப் பார்க்கலாம், பயம் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஈறைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும்.

6. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்டுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே போவது?

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. பொத்தேரியிலேயே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேளம்பாக்கம் பக்கத்தில் செட்டிநாடு, மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகக் கட்டணம் தனியார் கிளினிக்கை விடக் குறைவு. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாவிட்டால் 104க்கு போன் செய்து கேட்கலாம்.

அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். குழு மாத்திரை வாங்கவில்லை. இன்னொரு உறுப்பினர் துணைக்கு வர, பல் டாக்டரிடம் போனார். சொத்தை வேர் வரைக்கும் இறங்கியிருந்தது. "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்" என்றாராம் டாக்டர். மூன்று முறை போய்வந்து பல்லைக் காப்பாற்றிக்கொண்டார். மூன்று நாள் கூலி போனது உண்மைதான். முதலிலேயே போயிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும் என்று இப்போது அவரே எல்லோரிடமும் சொல்கிறார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலுக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். "யாருக்குப் பல் வலி? யார் வாயில் ஆறாத புண்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருப்பவரைத் தனியாக அனுப்பாமல் துணைக்கு ஒருவர் போய்வாருங்கள்.

தயிரைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுவோம். பல்லுக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் பிடிப்போம். சொத்தைக்கு டாக்டரிடம் போவோம்!