எலிக்கு வைத்த விஷம் கூகைக்கும்

சம்பா பயிர் பொதிப் பருவத்துக்கு வரும்போது டெல்டா வயல்களில் அங்கங்கே தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டிருப்பார்கள். ஆந்தை வந்து உட்காரத்தான். மன்னார்குடிப் பக்கம் ஒரு வரப்பில் நின்றிருந்தபோது, பொழுது சாய்ந்ததும் மட்டையின் மேல் கூகை ஒன்று வந்து அமர்ந்தது. அதன் வெள்ளை முகம் ஒரே பக்கம் திரும்பி அசையாமல் இருந்தது. சிறகை விரித்தது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. கால்களை முன்னே நீட்டியபடி பயிருக்குள் இறங்கி, எலியோடு எழும்பியது.

கூகைக்கு வேட்டையில் கண்ணைவிடக் காதே பெரிது. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. அதனால் சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தாழ்விலிருந்து வருகிறது என்பது அதற்குப் பிடிபடுகிறது. துளி வெளிச்சமில்லாத அறையிலும் எலியைப் பிடித்துவிடும்.

பகலில் அந்த வேலை கருந்தோள் பருந்துக்கு. வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று கீழே பாயும். பனிக்காலத்தில் வலசை வரும் சேற்றுப் பூனைப்பருந்தும் நெல்வயலைத் தாழப் பறந்து துழாவும்.

இவற்றை நினைக்கும்போதெல்லாம் எலிக் கேக்தான் மனதை அரிக்கிறது. அதிலுள்ள புரோமாடியோலோன் ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் திரியும். கடைசியில் ஓட முடியாமல் வெளியே தள்ளாடும். பறவைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? எலியின் ஈரலில் தங்கிய விஷம் பறவையின் ஈரலுக்குப் போய், தின்னத் தின்னச் சேர்கிறது. பிரிட்டனில் இறந்து கிடந்த கூகைகளைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்த வகை விஷம் இருந்தது. நம் ஊரிலோ கூகை செத்துக் கிடந்தால், அபசகுனம் ஒழிந்தது என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மட்டை நட்டுக் கூகையை அழைப்பதும் அதே வரப்பில் கேக் வைப்பதும் எப்படிப் பொருந்தும்?

எலி பெருகிய வருஷத்தில் பறவையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்கிறார்கள் விவசாயிகள். அதற்குத்தான் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறதே! மூங்கிலை வளைத்துக் கட்டி, எலி நடமாடும் வரப்போரம் வைப்பது. அதில் அகப்பட்ட எலியை எந்தப் பறவை தின்றாலும் ஆபத்தில்லை.

“கிட்டி வைக்கிற ஆளு கொறஞ்சு போச்சு சார், கூலியும் கட்டுப்படி ஆவல” என்றார் மன்னார்குடிப் பக்கம் நான் நின்றிருந்த அந்த வரப்பின் வயல்காரர். ஒருவர் வயலில் மட்டும் வைத்தால், பக்கத்து வயல் எலி மறுபடி வந்துவிடுமாம். அதனால் அடுத்த சம்பாவுக்கு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து, பொதிக்கு முன்பே கிட்டிக்காரரைக் கூப்பிடப் போகிறார். கேக் வாங்கும் காசைக் கூலியில் போட்டால் சரிக்கட்டும் என்பது அவர் கணக்கு.