காதால் கேட்ட காலமும் கண்ணால் படிக்கும் காலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

செய்தித் தொடர்பு வளர வளர மனித வாழ்வும் வளர்கிறது என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆனால் ஒவ்வொரு கருவியும் தன்னைக் கையாள்பவரிடம் ஒரு தகுதியை எதிர்பார்க்கிறது. அத்தகுதி இல்லாதவருக்கு அதே கருவி ஆபத்தாகவும் ஆகிவிடலாம். நம் திருச்சிப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும்.

வானொலி தந்த நெல்

திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1960களில் அது ஒலிபரப்பிய வேளாண் நிகழ்ச்சிகளைக் காவிரிப் படுகை உழவர்கள் ஆர்வத்துடன் கேட்டனர். ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல் இரகத்தைப் பற்றித் தஞ்சை உழவர்கள் வானொலி வாயிலாக அறிந்தனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரும் சூட்டிவிட்டனர்!

வானொலி கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். தவறாகக் கேட்டுவிட்டாலும் வானொலிப் பெட்டி எவருடைய பணத்தையும் எடுத்துக்கொண்டு போகாது. கடிதமும், 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்தியும்கூட அப்படித்தான். தபால்காரர் படித்துச் சொன்னால் செய்தி அவருக்கும் தெரியும், அவ்வளவே.

கைபேசி கேட்கும் கேள்வி

கைபேசியின் இயல்பு வேறு. வானொலி பேசும், நாம் கேட்போம். கைபேசியோ நம்மைக் கேள்வி கேட்கும். நாம் அளிக்கும் விடை நம் கையொப்பமாகிவிடும்.

ஓ.டி.பி. என்பது என்ன? வங்கியின் கணினிக்கு நம் முகம் தெரியாது. எனவே பதிவு செய்த கைபேசிக்குச் சில நிமிடங்களே செல்லுபடியாகும் ஓர் எண்ணை அனுப்புகிறது. அதைத் திரும்பச் சொல்பவரே கணக்குக்கு உரியவர் என்று கொள்கிறது. ஆகவே அந்த எண்ணைப் பிறரிடம் சொல்வது, வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

2016இல் வந்த யு.பி.ஐ. முறையில் மற்றொரு விதி உண்டு. பணம் அனுப்பத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. “பரிசு வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்” என்று எவரேனும் சொன்னால், பணம் வரப்போவதில்லை, போகப்போகிறது என்று பொருள்.

திருவரங்கத்தில் பூக்கடையில்கூட இன்று பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் சிறு பெட்டி இருக்கிறது. திரையைப் படிக்க இயலாதவருக்கு அது மீண்டும் காதின் துணையைத் தருகிறது. ஆயினும் அப்பெட்டி வரவை மட்டுமே சொல்லும். ஏமாற்றுக்காரனை அடையாளம் காட்டாது.

நம் கடமை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்குச் செய்தி வந்தாலும் கைபேசியை என்னிடம் நீட்டுவார்கள். இரகசிய எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். “என்கிட்டகூடச் சொல்லக் கூடாது பாட்டி” என்றால், “படிச்ச புள்ள உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டய்யா சொல்றது?” என்று சிரிப்பார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையளிக்கிறது, அச்சத்தையும் தருகிறது. நாளை முகம் தெரியாத ஒருவன் அன்பாகப் பேசினால் அவனிடமும் இப்படித்தானே சொல்வார்கள்? போவது அவர்களின் ஒரு மாத உதவித்தொகை அல்லவா?

பிறருக்காகப் படித்துச் சொல்வது உதவி. அவர்களே படிக்கச் செய்வதுதான் கல்வி. 1974 வரை திருச்சி மாவட்டத்துடன் இணைந்திருந்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இதைச் செய்து காட்டியது. தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று கற்பித்தனர். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தம் பயணத்தைத் தாமே மேற்கொண்டனர்.

திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, கணிப்பொறியை எளிய தமிழில் விளக்கினார். எந்த நுட்பத்தையும் தமிழில் சொல்லிப் புரியவைக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரக்கன்று நடுகிறோம், சாலையைச் சீர்செய்கிறோம். அவற்றோடு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். வந்த செய்தியைத் தாமே படிக்கவும், ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதிருக்கவும், ஏமாந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கவும் முதியோருக்குக் கற்றுக்கொடுப்போம். நம்மிடம் கைபேசியை நீட்டும் கைகள், தாமே அதைப் படிக்கும் கைகளாக மாறட்டும்!