கலைந்து கிடக்கும் வாக்கியங்கள்

"டிகிரி முடிச்சுட்டு வீட்ல சும்மாத்தானே இருக்கே, ஒரு பேங்க் பரீட்சை எழுதக் கூடாதா?" என்று யாராவது ஒருவர் கேட்காத வீடு உண்டா? அந்தச் 'சும்மா'வைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது அது வேண்டாம். பரீட்சை எழுதலாம் என்று நீங்களே மனசில் முடிவு செய்து, மதியம் குழந்தை தூங்குகிற நேரத்தில் புத்தகத்தைத் திறந்தும் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எப்படியோ வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் போட்டதுதான், தூசி தட்டினால் போதும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களை மிரட்டுவது ஆங்கிலம்தான்.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கித் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மார்க், 20 நிமிஷம். 2021-லிருந்து கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று ஆகியிருக்கிறது. ஆனால் தமிழில் வருவது கணக்கும் ரீஸனிங்கும்தான். ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தானே இருக்க முடியும்! அந்தப் பகுதிக்குத் தனியாகக் கட்-ஆஃப் உண்டு. மற்ற இரண்டிலும் வாரிக் குவித்தாலும் இங்கே கோட்டை விட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

"எனக்கு வயசாயிடுச்சே" என்று புத்தகத்தை மூடி வைக்க வேண்டாம். கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது வரை எழுதலாம். ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 வருஷமும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 வருஷமும் சலுகை. கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், சட்டப்படி பிரிந்து மறுமணம் செய்துகொள்ளாதவர்கள் ஆகியோருக்குப் பொதுப் பிரிவிலேயே 35 வயது வரை இடமுண்டு. பல சகோதரிகளுக்கு இது தெரிவதே இல்லை. இன்னொன்று, நம்ம ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அப்படியே நீட்டினால் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதற்கு இப்போதே மனுப் போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பெண்கள் விண்ணப்பக் கட்டணமே கட்ட வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலப் பகுதியில் நம்மவர்கள் பார்த்ததுமே தாண்டிப் போகிற கேள்வி ஒன்று உண்டு. நாலைந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு, 'சரியான வரிசையில் அடுக்கு' என்பார்கள். பயிற்சி மையங்களில் இதற்குப் 'பாரா ஜம்பிள்' என்று பெயர். பார்த்தால் தலை சுற்றும். ஆனால் இலக்கணம் குறைவாகத் தெரிந்தாலும் மார்க் வாங்கக்கூடிய கேள்வி இதுதான் என்பது என் அபிப்பிராயம். இதற்குக் கடினமான வார்த்தைகள் தெரிய வேண்டியதில்லை. மிகச் சின்ன வார்த்தைகளைக் கவனிக்கத் தெரிந்தால் போதும்.

குழந்தைக்குக் கதை சொல்கிறீர்கள். "ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தா. அந்தப் பாட்டி வடை சுட்டா. அப்போ ஒரு காக்கா வந்துது. அந்தக் காக்கா என்ன பண்ணித்து..." முதலில் 'ஒரு காக்கா', அப்புறம்தான் 'அந்தக் காக்கா'. மாற்றிச் சொன்னால் நாலு வயசுக் குழந்தைகூட "எந்தக் காக்காம்மா?" என்று கேட்கும். ஆங்கிலத்தில் 'ஏ', 'தி' என்ற இரண்டு குட்டி வார்த்தைகளும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. பத்து வருஷம் பாடப் புத்தகத்தில் படித்தும் பிடிபடாத விஷயம், பாட்டி வடை சுட்ட கதையில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பரீட்சையில் இது ஆங்கிலத்தில் வரும். பொருள் விளங்குவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்.

அ. அந்த மரணம் அவர் மனத்தை மிகவும் பாதித்தது.
ஆ. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்து போனார்.
இ. அந்த மருத்துவமனை 1954-ல் அடையாற்றில் தொடங்கப்பட்டது.
ஈ. ஆகவே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பாடுபட்டார்.

'அந்த மரணம்' என்றால் யார் இறந்தது என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் 'ஆ'வுக்குப் பின்னால் 'அ'. 'ஒரு மருத்துவமனை' வந்த பிறகுதான் 'அந்த மருத்துவமனை' வர முடியும். ஆகவே 'ஈ'க்குப் பின்னால் 'இ'. இரண்டு ஜோடி கிடைத்துவிட்டது. 'ஆகவே' என்பதற்கு முன்னால் காரணம் வேண்டும். தங்கையின் மரணம்தான் காரணம். விடை: ஆ, அ, ஈ, இ. டாக்டர் முத்துலட்சுமியைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் விடை இதேதான் வரும்.

இப்படிப் பிரிக்க முடியாத ஜோடியைத்தான் முதலில் தேட வேண்டும். முதல் வாக்கியம் எது, முதல் வாக்கியம் எது என்று அதையே பிடித்துக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறார்கள் பலர். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார வைக்கும்போது கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டால், மிச்சப் பேரை அங்கே இங்கே நகர்த்திக்கொள்ளலாம் இல்லையா, அது மாதிரி.

ஜோடியைக் காட்டிக்கொடுக்கும் வார்த்தைகள் நிறைய இல்லை. 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' வந்தால், அவர் யார், அது எது என்று முந்தின வாக்கியத்தில் இருக்கும். 'திஸ்', 'தீஸ்', 'சச்' வந்தாலும் அப்படியே. 'பட்', 'ஹவெவர்' வந்தால் முன்னால் இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்று இருக்க வேண்டும். 'ஆல்ஸோ' என்றால் அதே ஜாதிச் சங்கதி ஒன்று ஏற்கெனவே வந்திருக்கும். 'தேர்ஃபோர்' என்றால் காரணம் முந்திக்கொண்டிருக்கும். ஆளின் முழுப் பெயரும் பட்டமும் ஒரு வாக்கியத்தில், வெறும் பெயர் இன்னொன்றில் என்றால் முழுப் பெயர்தான் முதலில். நாமும் புதிதாக ஒருவரை அறிமுகம் செய்யும்போது அப்படித்தானே செய்கிறோம்?

எல்லா நேரமும் சின்ன வார்த்தை மட்டும் காப்பாற்றாது. இதைப் பாருங்கள்.

அ. ஆனால் முகாமில் அந்த மருந்து நீர் சீக்கிரமே தீர்ந்து போயிற்று.
ஆ. 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள்.
இ. அதனால் முகாமில் சாவு வெகுவாகக் குறைந்தது.
ஈ. அவர்களிடையே காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து நீர்தான் சிகிச்சையாக இருந்தது.
உ. அதனால் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியாகக் குடிக்கக் கொடுத்தார்.

'அவர்களிடையே' என்பது அகதிகளைக் குறிக்கிறது, ஆகவே ஆ-ஈ ஜோடி. 'அந்த மருந்து நீர்' ஈ-யோடு ஒட்டும். மிச்சம் இரண்டிலும் 'அதனால்' இருக்கிறதே, எது முன்னால்? இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மருந்து தீர்ந்து போனதால் சாவு குறையுமா? குறையாது. வேறு வழி தேடுவார்கள். ஆக 'உ', அப்புறம் 'இ'. விடை: ஆ, ஈ, அ, உ, இ. (வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு இன்று நாம் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெருமை உலகத்துக்குத் தெரிந்தது அந்த முகாமில்தான். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் நினைவில் இருக்கட்டும்.)

இன்னொரு வகைக் கேள்வி எஸ்.எஸ்.சி.யில் அதிகம். முழு வாக்கியங்களைக் கலைக்காமல், ஒரே வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கிப் போடுவார்கள். நம்மவர்கள் நிஜமாகவே திணறுவது இதில்தான். அதற்கு நம் தமிழே ஒரு காரணம். 'நேற்று ஊரிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த புடவை' என்கிறோம். புடவை கடைசியில் வருகிறது; அதைப் பற்றிய விவரமெல்லாம் முன்னால். ஆங்கிலத்தில் புடவை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் புடவை? மாமா வாங்கிக் கொடுத்த புடவை. எந்த மாமா? ஊரிலிருந்து வந்த மாமா. எப்போது? நேற்று. அப்படியே தலைகீழ்! கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஆகவே 'ஹூ', 'விச்', 'தட்' என்று ஆரம்பிக்கும் துண்டைக் கண்டால், அது எந்தப் பெயருக்கு விவரம் சொல்கிறது என்று பார்த்து அந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்ட வையுங்கள். 'ஆஃப்', 'இன்', 'டு' என்று முடிகிற துண்டு அநேகமாக ஒரு பெயரைத் தேடிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். 'ஹேஸ்' என்று முடிந்தால் அடுத்த துண்டு வினைச்சொல்லில் தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். 'ஹேஸ்' ஒருமை, 'ஹேவ்' பன்மை. எழுவாயோடு இது பொருந்துகிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே சில விடைகள் கழன்று விழும்.

இதையெல்லாம் படித்தால் மட்டும் வராது. கை பழக வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. பெரிய பிள்ளையின் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தி எடுத்து, வாக்கியத்துக்கு ஒரு துண்டுச் சீட்டாக எழுதிக்கொள்ளுங்கள். (புத்தகத்தையே வெட்டிவிடாதீர்கள், மறுநாள் டீச்சரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.) பழைய கல்யாணப் பத்திரிகையின் கவரில் போட்டு, பின்னால் சரியான வரிசையைக் குறித்து வைத்துவிடுங்கள். நீங்களே எழுதியது என்பதால் அன்றே எடுத்தால் நினைவிலிருந்து அடுக்கிவிடுவீர்கள். நாலு நாள் கழித்து எடுங்கள். குலுக்கிப் போடுவதற்கு வீட்டில் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

"அத்தை, இந்தச் சீட்டையெல்லாம் கொஞ்சம் கலைச்சுப் போடுங்களேன்."

"என்னம்மா இது, ஏலச் சீட்டா எடுக்கப் போறே?"

"இல்லத்தை, பரீட்சைக்கு."

மாமியார் ஒரு நாள் சிரிப்பார், இரண்டு நாள் சிரிப்பார். மூன்றாம் நாள் மருமகள் படிக்கிறாள் என்று கதவைச் சாத்தி வைப்பார். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துப் படிப்பதைவிட, இப்படி ஒரு வேலை கொடுத்து உள்ளே இழுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுக்கி முடித்த பிறகு விடையைப் பார்த்து டிக் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வார்த்தை எந்த வாக்கியத்தோடு கட்டிப்போட்டது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். பத்து சீட்டு அடுக்கியதைவிட இரண்டு சீட்டில் கோடு போட்டது அதிகம் சொல்லிக்கொடுக்கும். பாடப் புத்தகம் சுலபமான பிறகு ஆங்கிலச் செய்தித்தாளுக்குப் போகலாம். முதலில் விபத்து, திறப்பு விழா மாதிரிச் சின்னச் செய்திகள், தலையங்கமெல்லாம் பிற்பாடு.

சில பயிற்சிப் புத்தகங்களில் 'தி என்று ஆரம்பிக்கும் வாக்கியம் முதலில் வராது' என்று விதி மாதிரி போட்டிருப்பார்கள். அதை நம்பி மோசம் போகாதீர்கள். சூரியனுக்கும், அரசாங்கத்துக்கும், ரிசர்வ் வங்கிக்கும் அறிமுகம் எதற்கு? அவற்றுக்கு முதல் வாக்கியத்திலேயே 'தி' வரும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 20 நிமிஷத்தில் 30 கேள்வி என்றால், கேள்விக்கு 40 வினாடி. ஒரு தோசை வேகிற நேரம்கூட இல்லை! ஆரம்பத்தில் ஒரு சீட்டுக்கட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகும்; கவலைப்படாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை நிமிஷத்துக்குக் கொண்டு வந்தால் போதும். மிச்ச நேரத்தை ஒற்றை வார்த்தைக் கேள்விகளில் பிடித்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.சி. மாதிரி நாலு வரிசையைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற இடத்தில் முழுக்க அடுக்கவே வேண்டாம். ஒரு ஜோடி கிடைத்ததும் விடைகளைப் பாருங்கள். அந்த ஜோடி சேர்ந்து வராத விடையையெல்லாம் அடித்துவிடுங்கள். பல சமயம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

தப்பானால் மார்க் குறையும், கால் மார்க் வங்கித் தேர்வில்; எஸ்.எஸ்.சி. முதல் கட்டத்தில் இரண்டு மார்க் கேள்விக்கு அரை மார்க். இரண்டில் ஒன்று என்கிற அளவுக்கு வந்துவிட்டால் துணிந்து குறிக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். ஒன்றுகூடக் கழியவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

இன்று மதியத்துக்கு ஒன்று தருகிறேன்.

அ. இதனால்தான் மார்கழியில் மாவு பொங்க நேரமாகிறது.
ஆ. அரைத்த இட்லி மாவை இரவு முழுக்க வைத்தால் பொங்கி வருகிறது.
இ. ஆனால் குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும்.
ஈ. மாவில் உள்ள நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்குவதே அதற்குக் காரணம்.

'அவை' எவை, 'அதற்கு' எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். விடை ஆ, ஈ, இ, அ.