முதலில் அப்பம், பிறகு ஆறுதல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், அன்றே மேற்கு நோக்கி நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் உலுக்கியது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன, பல நாள் மின்சாரம் இல்லை.

பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பயிர்ச் சேதக் கணக்கு பட்டாவையும் அடங்கலையும் பார்த்து எழுதப்படுவது. அடுத்தவர் வயலில் பூண்டு நட்டு, களையெடுத்துப் பிழைக்கும் தலித் கூலியின் பெயர் அதில் வராது. மழையில் போன கூலியை எந்தப் படிவத்தில் எழுதுவது?

புயல் அடித்த பதினாறாம் நாள், டிசம்பர் 2, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நம்பிக்கைக்கென முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அடுப்பெரியாத வீட்டிலிருந்து வந்து அமர்ந்தவரிடம் 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று சொல்லிவிடுவது சுலபம். விவிலியம் அவ்வளவு சுலபமாகப் பேசவில்லை. முதல் அரசர்கள் நூலில், சாக விரும்பிப் பாலைவனத்தில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுப்பது சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். உபதேசம் இல்லை. சாப்பிட்டுத் தூங்கி, மறுபடி சாப்பிட்ட பிறகே அவர் மலைக்கு நடக்கிறார். அங்கே பாறைகளைப் பிளக்கும் சூறைக்காற்று வீசுகிறது. அந்தக் காற்றில் ஆண்டவர் இல்லை என்கிறது அந்த நூல். பேரிடர் கடவுள் கொடுத்த தண்டனை என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்பம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி. 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்ட நிவாரண முகாம்கள் சிலவற்றில் தலித் மக்களுக்கு இடமும் தண்ணீரும் மறுக்கப்பட்டன. அலைக்குச் சாதி தெரியவில்லை, வரிசைக்குத் தெரிந்தது.

தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு சுவரும் உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் அவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவரைக் காக்காது. இதை மாற்றக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அது டெல்லி முடிக்க வேண்டிய வேலை.

பங்குகள் முடிக்கக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. பட்டா இல்லாத கூலி வீடுகள் எவை, அவற்றில் முதியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதி வைக்கலாம். நிவாரண அரிசி வந்து இறங்கியதும் முதல் மூட்டை அந்த வீடுகளுக்குப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.