ஒரு கைக்கோடரி, பல பெயர்ச்சீட்டுகள்

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைக்கும் கற்காலக் கைக்கோடரி உள்ளங்கையை நிறைக்கும். குவார்ட்சைட் கல். ஒரு முனை கூர்மை. மறுமுனை பிடிக்க வாகான பருமன். இரு முகங்களிலும் சில்லு பெயர்த்த தழும்புகள். கல் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அறிஞர்கள் எழுதிய பெயர்ச்சீட்டுதான் 160 ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகிறது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார் இராபர்ட் புரூஸ் ஃபுட். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று ஆங்கிலேய அறிஞர்கள் 1859இல்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி வந்திராவிட்டால் ஃபுட்டின் கண்ணுக்கும் அந்தக் கருவி சரளைக் கல்லாகவே பட்டிருக்கலாம்.

அவர் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. விளக்க அட்டவணை 1914இல் வெளியானது. காலத்தைக் கல், வெண்கலம், இரும்பு எனப் பிரிக்கும் முறை கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் தாம்சன் வகுத்தது. ஃபுட் அந்தச் சிந்தனையில் வந்தவர். ஆனால் தொழிலால் நிலவியலாளர். ஆகவே எந்த ஊர், எந்த மண்ணடுக்கு என்பதையும் விடாமல் குறித்தார்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அத்திரம்பாக்கம் பகுதியில் வாழும் இருளர்கள், 1909இல் வெளியான அவரது சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் வரிசையில் ஒரு தலைப்பானார்கள். மண்ணின் கல் வரலாற்றுக் கேள்விக்கு விடையானது. மண்ணின் மக்களோ ஆட்சியாளர்களின் வகைப்பாட்டுக்குள் போனார்கள்.

1961இல் டெல்லியில் நடந்த ஆசியத் தொல்லியல் மாநாடு, ஆப்பிரிக்காவில் வழங்கிய முற்கால, இடைக்கால, பிற்காலக் கற்காலம் என்ற பகுப்பை இந்தியாவுக்கும் ஏற்றுக்கொண்டது. பின்னர் ஆய்வாளர்கள் மீண்டும் பழைய கற்காலத்தின் கீழ், இடை, மேல் பிரிவுகளுக்கே திரும்பினார்கள்.

1999இல் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழ்வைத் தொடங்கினார்கள். வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர்கள் அரிய அணுக்களை உண்டாக்கும். கல் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். அவற்றின் விகிதம் இங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சொன்ன சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் (2011). இடைப் பழைய கற்காலம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாக வேறொரு முறை காட்டியது (2018). நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததே அது என்ற கருத்து ஆட்டம் கண்டது.

ஒவ்வொரு வகைப்பாடும் அதன் காலத்துச் சமூகம் கேட்ட கேள்வியைச் சுமக்கிறது. எனவே பழைய சீட்டைக் கிழிக்காமல் புதியதை அதனருகே வைப்பதுதான் நேர்மை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே அறிவு வளர்ந்த வழி புரியும். எத்தனை பகுப்பு மாறினாலும் கைகொடுப்பது கிடைத்த இடம் பற்றிய குறிப்பு. கும்மிடிப்பூண்டி வரை தொழிற்பேட்டைகளுக்காக மண் தோண்டப்படும் மாவட்டம் இது. இங்கே பழங்கல் ஒன்று கண்ணில் பட்டால், எடுக்காமல் இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இனி எழுதப்போகும் பெயர்ச்சீட்டுகளுக்கும் அந்தக் குறிப்பே அடிப்படை.